புது ஊரில் கடை வைப்பவருக்கு நண்பர்கள் எங்கே கிடைப்பார்கள்?



மலைநாட்டில் கடை போட நினைக்கும் இளைஞர்கள் ஆலோசனைக்கு வந்தால் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். கடை வாடகை எவ்வளவு? சரக்கு எங்கே எடுப்பது? கடன் எவ்வளவு வரை கொடுக்கலாம்? மூன்றும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

டயகம போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு அதிக முக்கியத்துவம் உண்டு. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக வரும் பாதையில் ஏறக்குறைய கடைசியில் இருக்கிறது எங்கள் பஜார். அதற்கப்பால் தேயிலை, அதன் பின்னே ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காடு. வழியே போகும் வாடிக்கையாளர் என்று இங்கே யாரும் இல்லை. வாங்குபவர் எல்லோரும் சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களில் இருப்பவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பல தலைமுறையாக அறிந்தவர்கள். அக்குறணையிலிருந்தோ மாவனல்லையிலிருந்தோ வந்து கடை திறக்கும் நம் சகோதரரை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இவருக்கும் அவர்களில் ஒருவரையும் தெரியாது.

வாடிக்கையாளர் வேறு, நண்பர் வேறு

கடை திறந்து ஒரு வருடத்தில் நாலைந்து நூறு குடும்பங்களின் முகம் தெரிந்துவிடும். "நானா", "முதலாளி" என்று கூப்பிடுவார்கள், சிரித்துப் பேசுவார்கள். இதை வைத்து ஊரே தன் பக்கம் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த உறவு முழுவதும் கடை மேசைக்குக் குறுக்கே நடப்பது. ஒரு பக்கம் கோதுமை மாவும் சீனியும், மறுபக்கம் காசு அல்லது கணக்குக் கொப்பி. பக்கத்துக் கடையில் ஐந்து ரூபா குறைந்தால் அந்த உறவு அங்கே போய்விடும். அதில் அவர்கள் மேல் தப்பில்லை.

நெருக்கடி வரும்போதுதான் வித்தியாசம் விளங்கும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு நாட்டின் பல இடங்களில் முஸ்லிம் கடைகளுக்குப் போக வேண்டாம் என்ற பேச்சு பரவியது. குற்றம் செய்தவர்கள் யாரோ, பழி சுமந்தவர்கள் நம் வியாபாரிகள். அந்த வாரங்களில் எந்தக் கடை தாக்குப்பிடித்தது என்று நான் கவனித்தேன். விலை குறைத்துக் கொடுத்த கடை அல்ல. கடை முதலாளி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ வேறொரு பொதுக் குழுவிலோ இருந்து, ஊரவருடன் சேர்ந்து ஏதாவது வேலை செய்திருந்தால் அந்தக் கடைக்கு ஆள் வந்தது. "அந்த நானாவை எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். இந்த ஒரு வசனத்தின் பெறுமதியை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

2022 இல் பொருளாதாரம் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோதும் இதே பாடம்தான். எந்தப் பாதை மூடிக்கிடக்கிறது, எந்த லயத்துக்கு அரிசி போகவில்லை, யாரிடம் லொறி இருக்கிறது என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள, முன்பே பழகிய ஆட்கள் வேண்டும். மழை பெய்யும்போது போய்ப் பழக்கம் பிடிக்க முடியாது.

மதீனாவில் நடந்தது

புதிதாக வந்தவருக்கு நண்பரைத் தேடிக் கொடுப்பது நமக்குப் புதிய விசயமல்ல. கி.பி. 622 இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களையும் அங்கிருந்த அன்ஸார்களையும் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கொருவர் சகோதரராக இணைத்துவைத்தார்கள். வந்தவர் தானாக ஒரு நண்பரைக் கண்டுபிடிக்கட்டும் என்று விடவில்லை. இன்னாருக்கு இன்னார் என்று ஒழுங்கு செய்தார்கள்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரழி) அவர்கள் சகோதரராக அமைந்தார்கள். ஸஅத் (ரழி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டச் சொன்னார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். பின்னாளில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார்கள். உறவை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் பணத்தை வாங்கவில்லை. வியாபாரிக்கு இதில் பெரிய படிப்பினை இருக்கிறது.

நம் மார்க்கத்தவர் அல்லாதவரோடு சேர்ந்து பொது வேலை செய்யலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நுபுவ்வத்துக்கு முன்னர் மக்காவில் நடந்த ஹில்புல் புழூல் உடன்படிக்கையை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். யெமனின் ஸபீத் பகுதியிலிருந்து வந்த ஒரு வியாபாரி தன் சரக்கை மக்காவின் பெரிய மனிதர் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் காசு கொடுக்கவில்லை. வெளியூர் ஆளுக்காகப் பேச எவருமில்லை. அவர் மலையேறி நின்று முறையிட்டார். அதைக் கேட்டு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சில கோத்திரத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்காக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அதில் பங்குபற்றினார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அப்படியொரு அழைப்பு வந்தால் ஏற்பேன் என்று சொன்னார்கள். புதிதாக வந்த வியாபாரிக்கு ஊரில் ஆளில்லை என்ற பிரச்சினையிலிருந்துதான் அந்த உடன்படிக்கையே பிறந்தது.

வெளிநாட்டில் செய்தது

மேற்கு நாட்டவரும் இதே தேவையை உணர்ந்தார்கள். போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி 1896 இல் சிக்காகோ நகரில் குடியேறினார். சிறிய ஊரில் வளர்ந்தவர். தொழில் இருந்தது, ஆனால் நண்பர் இல்லை. 1905 பெப்ரவரி 23 ஆம் திகதி ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியியலாளர், ஒரு தையல் வியாபாரி ஆகிய மூவருடன் கூடிப் பேசினார். ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியதால் அதற்கு ரோட்டரி என்று பெயர் வந்தது. முதலில் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. அந்த அளவோடு நின்றிருந்தால் அது ஒரு சிறு கூட்டமாகவே முடிந்திருக்கும். நகரத்துக்குப் பொது மலசலகூடம் வேண்டும் என்பது போன்ற பொது வேலைகளில் கைவைத்த பிறகே வளர்ந்தது. கொழும்பில் ரோட்டரிக் கழகம் 1929 இல் ஆரம்பமானது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1969 இல் இன்னொரு முறை தொடங்கியது. வெவ்வேறு தொழில், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவர்களை ஒரு வகுப்பாகச் சேர்த்து, ஊரின் பிரச்சினைகளைக் கூடிப் படிக்க வைக்கும் தலைமைத்துவப் பயிற்சி அது. பிறகு அந்நாட்டின் நூற்றுக்கணக்கான நகரங்களில் இதுபோன்ற பயிற்சிகள் வந்தன. பல இடங்களில் வர்த்தக சங்கங்களே நடத்துகின்றன. மாதத்தில் ஒரு நாள் மருத்துவமனை, அடுத்த மாதம் நீதிமன்றம், அதற்கடுத்து பாடசாலை என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் இதில் சேருவது நண்பர்களைப் பெறுவதற்காகவே. ஒரே ஆட்கள், குறிப்பிட்ட காலம், சேர்ந்து செய்யும் வேலை என்று மூன்று விசயங்கள் இதில் இருக்கின்றன. இந்த மூன்றும் இருந்தால் பழக்கம் தானாக நட்பாகும். திருமண வீட்டில் கைகொடுத்துப் பிரியும் அறிமுகத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

நம் நாட்டில் உள்ள வழி: மத்தியஸ்த சபை

டயகமவில் அப்படியொரு வகுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அதே பெயரில் இல்லை. ஆனால் அதற்கு மிகக் கிட்டிய ஒன்று நம் நாட்டில் நீண்ட காலமாக இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைதான் அது. நம் வியாபாரிகளில் பலர் அதைக் கடன் வசூலிக்கப் போகும் இடமாக மட்டுமே அறிவார்கள். அங்கே உட்கார்ந்து பிணக்கைத் தீர்ப்பவர் நம்மைப் போன்ற சாதாரண மனிதர் என்பதும், நாமும் அங்கே உட்காரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

அதன் ஒழுங்கு இதுதான். சிறிய கடன், காணி எல்லை, குடும்பச் சண்டை, சிறு கைகலப்பு போன்ற பிணக்குகள் இங்கே வரும். சட்டத்தில் குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் இங்கே வந்தாக வேண்டும். சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. ஒரு தரப்பு ஒரு மத்தியஸ்தரையும் மறுதரப்பு இன்னொருவரையும் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். இவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பும் தாமாக இணக்கத்துக்கு வர உதவுகிறார்கள். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் கொடுப்பார்கள், அதன் பிறகு நீதிமன்றம் போகலாம்.

மத்தியஸ்தர்களுக்குச் சம்பளம் இல்லை. பிரதேசத்திலுள்ள அரசியல் சாராத அமைப்புகள் பெயர்களை முன்மொழியும். முன்மொழியப்பட்டவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி உண்டு. அதில் தகுதி காட்டுவோரை மத்தியஸ்த சபைகள் ஆணைக்குழு மூன்று வருடத்துக்கு நியமிக்கும்.

நான் அந்தப் பயிற்சிக்குப் போனபோது ஓய்வுபெற்ற அதிபர்கள், தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர், தபாலகத்தில் வேலை பார்த்தவர், விவசாயிகள், இன்னும் சில வியாபாரிகள் என்று பலதரப்பட்டோர் இருந்தார்கள். ஐந்து நாளும் ஒரே மேசையில் பகல் சாப்பாடு. பாதி நேரம் விரிவுரை, பாதி நேரம் நடிப்பு. கடன் கொடுத்தவராக ஒருவர், வாங்கியவராக இன்னொருவர் நடிக்க வேண்டும். எனக்குக் கடன்காரன் வேடம் தந்தார்கள். கணக்கப்பிள்ளை முதலாளி வேடம் போட்டு என்னை ஏசினார். நம் கடைகளில் சொல்லப்படும் அதே வார்த்தைகள்தான். பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்துக் களைத்தார்கள். அந்த மனிதரைப் பல காலம் கடையில் கண்டிருந்தும் நான் அவரோடு பேசிய வார்த்தை விலையும் நிறையும்தான். அன்றைக்குப் பிறகு அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நானும், என் வீட்டுக்கு அவரும் போய் வருகிறோம்.

வியாபாரிக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. கடன் பிணக்கு எப்படி உருவாகிறது என்பதை இங்கே நேரடியாகப் பார்க்கலாம். பணம் இல்லாமல் வருபவரைவிடக் கணக்கு விளங்காமல் வருபவர், நாலு பேர் முன்னால் கேட்டதால் ரோசப்பட்டு வருபவர் நிறையப் பேர். இதைக் கண்ட பிறகு, கொப்பியில் எழுதும்போது வாங்குபவருக்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

எடுத்த எடுப்பில் முடியாது

புதிதாக வந்தவரை முதல் வருடமே யாரும் மத்தியஸ்தராக முன்மொழிய மாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? என் யோசனைகள் இவை:

1. முதல் ஆறு மாதம் ஊரைப் படியுங்கள். அட்லாண்டாக்காரர் மாதத்துக்கு ஓர் இடம் காட்டுவது போல நீங்களே உங்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள். ஒரு மாதம் பாடசாலை அதிபரைச் சந்தியுங்கள். அடுத்து தோட்ட வைத்திய நிலையம், கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம், பிரதேச சபை. முன்னர் எங்கள் பகுதி நுவரெலியா பிரதேச சபையின் கீழ் இருந்தது. 2018 முதல் அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை இருக்கிறது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதி செலவழிக்கச் சட்டத்தில் இருந்த தடையும் அதே 2018 இல் நீக்கப்பட்டது. இதெல்லாம் தெரிந்தவரோடு ஊரவர் பேசும் விதமே வேறு.

2. ஒரே ஒரு சங்கத்தில் சேருங்கள். பிள்ளை படிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கம், பஜார் வர்த்தகர் சங்கம், பொலிஸ் நிலையத்தோடு இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழு இவற்றில் ஏதாவது ஒன்று. மூன்றில் பெயர் கொடுத்து மூன்றுக்கும் போகாமல் இருப்பதைவிட ஒன்றுக்குத் தவறாமல் போவது மேல்.

3. பதவி கேட்காதீர்கள். கடைக்காரன் என்றதும் பொருளாளர் பதவியை நீட்டுவார்கள். முதல் இரண்டு வருடம் அதைத் தவிருங்கள். பிறர் காசைக் கையில் வைத்தால் சந்தேகமும் கூடவே வரும். கதிரை அடுக்குவது, அறிவித்தல் ஒட்டுவது, வாகனம் ஒழுங்கு செய்வது போன்ற வேலைகளை ஏற்றுக்கொள்ளுங்கள்.

4. நன்கொடையோடு நிறுத்தாதீர்கள். ரசீது வாங்கிக்கொண்டு ஐயாயிரம் கொடுப்பவர் முதலாளியாகவே இருப்பார். ஐந்நூறு கொடுத்துவிட்டுச் சிரமதானத்தில் மண்வெட்டி பிடிப்பவரை அண்ணன் தம்பியாக ஏற்பார்கள்.

5. தொழிற்சங்க, கட்சிப் பிரிவுகளில் தலையிடாதீர்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கம் இருக்கும். ஒரு தலைவரோடு மட்டும் திரிந்தால் மற்றவரின் ஆட்கள் விலகுவார்கள். எல்லாத் தலைவரையும் மரியாதையோடு நடத்துங்கள், எவர் மேடையிலும் ஏறாதீர்கள்.

6. சங்கத்து நண்பரைக் கடன் கொப்பியில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அவர் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துவிடுவார். கூட்டத்தில் உங்கள் சரக்கைப் பற்றியும் பேசாதீர்கள். மத்தியஸ்தரான பிறகு உங்கள் கடன்காரரோ உறவினரோ பிணக்கோடு வந்தால் அந்த விசாரணையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

7. மார்க்க வரம்பை ஆரம்பத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள். கோயில் திருவிழாவில் வழிபாட்டில் சேர முடியாது என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். திருவிழா நாளில் வருவோருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும், அடுத்த நாள் பாதையைக் கூட்டுவதற்கும், மரண வீட்டில் போய் நிற்பதற்கும் நமக்குத் தடையில்லை. தொழுகை நேரத்தில் எழுந்து போனால் அதையும் மதிப்பார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது?

இது நியாயமான கேள்வி. தோட்டத்துப் பஜாரில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். அதிலும் பத்தாம் திகதி சம்பளத்தை ஒட்டி வரும் ஞாயிறு என்றால் கடையை விட்டு நகர முடியாது. மத்தியஸ்த சபையும் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் கூடும். எனவே கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு காலையில் உங்கள் நிகர லாபம் ஐயாயிரம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இல்லாவிட்டால் உதவியாளர் பாதிக்கு மேல் பார்த்துக்கொள்வார். மாதத்தில் ஒரு காலை போனால் இழப்பு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள். வருடத்துக்கு முப்பதாயிரம். இது சிறிய தொகையல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே வியாபாரி ஒரு வருடத்தில் வராக் கடனாக எவ்வளவு வெட்டி எழுதுகிறார்? யார் வீட்டில் வேலை நின்றுவிட்டது, யார் கொழும்புக்கு வேலைக்குப் போகப் போகிறார், யார் உண்மையில் கஷ்டத்தில் இருக்கிறார் என்று எடுத்துச் சொல்ல ஊரில் இரண்டு நண்பர் இருந்தால் அந்தத் தொகையில் எவ்வளவு குறையும்? சம்பள வாரத்தை மட்டும் விட்டுத்தரும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தால் மற்றவர்களும் இணங்குவார்கள்.

ஆனால் ஒன்று. இலாபத்தை எண்ணி மட்டும் உள்ளே போகிறவரை ஊரார் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிய்யத் சரியாக இருக்க வேண்டும். இது முதலில் அயலவருக்கான கடமை, பலன் அல்லாஹ் தருவது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை

இதைத் தனி ஆளின் பொறுப்பாக மட்டும் விடக்கூடாது. மலைநாட்டுப் பஜார்களுக்குப் புதிதாக வரும் நம் வியாபாரிகளைப் பள்ளிவாசல் நிருவாகங்கள் வரவேற்று, ஊரிலுள்ள ஒரு பழைய வியாபாரியோடு இணைத்துவிடலாம். அந்தப் பழையவர் புதியவரை அதிபரிடமும், கிராம உத்தியோகத்தரிடமும், தோட்டத் தலைவர்களிடமும் ஒருமுறை கூட்டிப்போய் அறிமுகம் செய்தால் போதும். மதீனாவின் ஒழுங்கை நம் அளவில் நடைமுறைப்படுத்துவதாக அது அமையும். மத்தியஸ்த சபைக்கு முன்மொழியும்படி கேட்கும்போது எப்போதும் முன் ஸப்பில் இருக்கும் அதே மூவரின் பெயரைக் கொடுக்காமல், முப்பது நாற்பது வயதிலுள்ள தகுதியானவர்களையும் அனுப்ப வேண்டும்.

வீட்டுப் பெண்களையும் மறக்க வேண்டாம். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குவது தோட்டத்துப் பெண்கள். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது என்பதில் அவர்கள் சொல்லே எடுபடும். நம் வீட்டுப் பெண்கள் பாடசாலைக் கூட்டத்திலும் தாய் சேய் கிளினிக்கிலும் அவர்களோடு பழகினால், கடைக்காரர் பத்து வருடத்தில் பெறும் நட்பை அவர்கள் இரண்டு வருடத்தில் பெற்றுவிடுவார்கள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மாதமே பிள்ளையின் பாடசாலை அதிபரைப் பார்த்து அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது உங்கள் பகுதி மத்தியஸ்த சபை எங்கே, எந்தக் கிழமை கூடுகிறது, அடுத்த முன்மொழிவு எப்போது கோரப்படும் என்று விசாரித்து வையுங்கள். அது வருமுன் உங்கள் பெயரைச் சொல்ல ஊரில் ஓர் அமைப்பு இருக்கட்டும். அல்லாஹ் நம் வியாபாரத்திலும் அயலவர் உறவிலும் பரக்கத் செய்வானாக.